மர ஷெட்டுக்குக் குளிர்காலப் பூக்கூடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறைபனி விழும் ஊர்களில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் தோட்டம் மொட்டையாகிவிடும். கோடை முழுக்கச் செடிகொடிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மர ஷெட், மழையில் கறுத்துப்போய், சன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும். அதை இடிக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. ஆனால் முகப்பில் இரண்டு பூக்கூடைகளைத் தொங்கவிடலாம். அப்படித் தொங்கவிட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும், சில வருடங்கள் செடிகளைச் சாகடித்துக் கற்றுக்கொண்ட பதில்களும் இங்கே.

அந்தக் குளிரில் கூடையில் பூ நிற்குமா?

நிற்கும். ஆனால் கோடைக் கூடையை மனதில் வைத்துக்கொண்டு இறங்கினால் ஏமாற்றம்தான். கோடையில் நாலு நாற்றை நட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஒரே மாதத்தில் கூடை தெரியாத அளவுக்குப் படர்ந்துவிடும். குளிர்காலத்தில் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுபோகும். நட்ட அன்று கூடை எப்படி இருக்கிறதோ, ஏறக்குறைய அப்படியேதான் வசந்தம் வரை இருக்கும். கோடைக் கூடையை வளர்க்கிறோம் என்றால், குளிர்காலக் கூடையை அடுக்குகிறோம். ஒரு தட்டில் பூ அலங்காரம் செய்வதுபோல அன்றைக்கே நிறைவாகத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. பலரும் குளிர்தான் எதிரி என்று நினைக்கிறார்கள். சரியான செடியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் குளிரால் சாவது குறைவு. அளவுக்கு மீறிய ஈரம், உலர்த்தும் காற்று, இந்த இரண்டும்தான் பெரும்பாலான கூடைகளைக் கொல்கின்றன. கீழே வரும் பல பதில்கள் இதைச் சுற்றியே இருக்கும்.

எப்போது நட வேண்டும்?

வட அரைக்கோளத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிவதற்குள். தென் அரைக்கோளத்தில் மார்ச், ஏப்ரல். மண்ணில் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும்போதே நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். தாமதமாகிவிட்டால் சின்ன நாற்றுகளை வாங்காதீர்கள். ஏற்கனவே நன்றாக வளர்ந்து, பூவோ மொட்டோ தெரிகிற செடிகளாக வாங்கி நெருக்கமாக வையுங்கள். அது பிழைத்துக்கொள்ளும்.

என்னென்ன செடிகள் வைக்கலாம்?

முதலில் பூ. நர்சரியில் பான்சியும் வயோலாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பான்சியின் பூ பெரிது, முகம்போல அழகு, கை தானாக அதன் பக்கம் போகும். ஆனால் கூடைக்கு நான் வயோலாவைத்தான் சொல்வேன். பான்சி இலையுதிர் காலத்தில் நன்றாகப் பூத்துவிட்டு, கடுங்குளிரில் ஓய்ந்துபோய், மறுபடி வசந்தத்தில்தான் எழும். அதன் பெரிய இதழ் மழையிலும் காற்றிலும் கிழிந்து தொங்கும். வயோலாவின் பூ சின்னது. ஆனால் ஏராளமாக வரும், அடி வாங்கினாலும் இரண்டு நல்ல நாள் கிடைத்தால் திரும்ப விரிந்துவிடும்.

அடுத்து சைக்கிளமன். இதில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டுக்குள் வைக்க விற்கும் பெரிய பூ சைக்கிளமன் உறைபனியைத் தாங்காது. ஒரே இரவில் கொழகொழவென்று சரிந்துவிடும். வெளியில் வைக்க வேண்டியது சைக்கிளமன் கூம் என்ற குட்டி இனம். வட்ட இலை, விரல்நுனி அளவு பூ. குளிர்காலத்தின் நடுவில் பூப்பதே அதன் இயல்பு. கூடவே எரிக்கா கார்னியா என்ற குளிர்கால ஹெதர். குளிர்கால நடுவிலிருந்து வசந்தம் வரை வெள்ளை, இளஞ்சிவப்பு மணிகள் நிற்கும். நீலத்திலும் பச்சையிலும் பளபளக்கும் ஹெதர் கண்ணில் பட்டால் தள்ளிப் போய்விடுங்கள், அது சாயம் அடித்தது.

ஆனால் கூடையைக் காப்பாற்றுவது பூ அல்ல, இலை. இரண்டு வாரம் விடாத உறைபனி வந்தால் எந்தப் பூவும் சுருங்கிவிடும். அப்போதும் கூடை பார்க்கும்படி இருக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இலைச்செடிகள் வேண்டும். ஓரத்தில் வழிந்து தொங்க, இலையில் வெள்ளைக் கரை போட்ட ஐவி கொடி. நடுவில் உயரத்துக்கு ஸ்கிம்மியா ருபெல்லா, குளிர்காலம் முழுக்கச் சிவப்பு மொட்டுக் கொத்துகளோடு நிற்கும், வசந்தத்தில்தான் விரியும். கருஞ்சிவப்பு, ஆரஞ்சு, எலுமிச்சைப் பச்சை என்று இலையிலேயே நிறம் காட்டும் ஹியூக்கெரா. மஞ்சள் கோடு ஓடும் கேரெக்ஸ் புல். சிவப்புக் காய்களோடு கோல்தீரியா. அலங்கார முட்டைக்கோஸும் நல்ல தேர்வு, வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அதன் ஊதாவும் வெள்ளையும் தெளிவாக ஏறும். ஆனால் அடைமழை ஊரில் அழுகும்.

எங்கள் ஷெட்டின் முகப்பில் வெயிலே படுவதில்லை. என்ன செய்வது?

வயோலா, பான்சி இரண்டையும் மறந்துவிடுங்கள். அவற்றுக்குக் குளிர்காலத்தின் குறைந்த வெயிலாவது வேண்டும். ஐவி, ஸ்கிம்மியா, சைக்கிளமன் கூம், பசுமை மாறாத சின்ன பெரணி, வெளிர்நிற ஹியூக்கெரா ஆகியவை நிழலில் சமாளிக்கும். பூ குறைவாகத்தான் இருக்கும், ஆனால் வாடி நிற்கும் வயோலாவைவிடச் செழித்த ஐவி அழகு.

கறுத்த மரச் சுவருக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும்?

வெள்ளை, வெளிர் மஞ்சள், எலுமிச்சைப் பச்சை. குளிர்காலத்தில் பகல் குறைவு. நாம் கூடையைப் பார்ப்பது பெரும்பாலும் மங்கிய காலையிலோ சாயங்கால இருட்டிலோதான், அதுவும் பத்துப் பதினைந்து அடி தள்ளி, சன்னல் வழியாக. அடர் ஊதாவும் கருஞ்சிவப்பும் நர்சரியில் கையில் பிடித்துப் பார்க்கும்போது ராஜாபோல இருக்கும். கறுத்த சுவரின் முன்னால் மாட்டினால் காணாமல் போய்விடும். எனக்கு ஊதா இல்லாமல் முடியாது என்பவர்கள் அதை வெள்ளைப் பூக்களுக்கு நடுவில் வையுங்கள். ஷெட்டுக்கு வெளிர் பச்சையோ சாம்பலோ பூசியிருந்தால் நேர்மாறு. அங்கே ஆரஞ்சும் அடர் சிவப்பும்தான் நின்று பேசும்.

எத்தனை அங்குலக் கூடை வாங்குவது?

14 அங்குலம், அதாவது 35 சென்டிமீட்டர். அதற்குச் சின்னதாக வேண்டாம். மண் குறைவாக இருந்தால் சீக்கிரம் காயும், சீக்கிரம் உறையும். 16 அங்குலம் இன்னும் நல்லது, ஆனால் எடையைத் தாங்கும் சுவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 35 சென்டிமீட்டர் கூடையில் ஏறக்குறைய 10 லிட்டர் கலவை பிடிக்கும். நனைந்த கலவை ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. செடியும் கூடையும் சேர்த்தால் 10, 12 கிலோ. மேலே பனி உட்கார்ந்தால் இன்னும் கூடும்.

சுவரில் எங்கே, எப்படி மாட்டுவது?

இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். சாதாரண மர ஷெட்டின் வெளிப்பலகை 8 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் மட்டும் ஸ்க்ரூ போட்டால் கூடையைத் தாங்கும் பிராக்கெட் முதல் புயலில் பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பலகைக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தில்தான் ஸ்க்ரூ இறங்க வேண்டும். சட்டம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியிலிருந்து பாருங்கள். பலகைகளை அடித்த ஆணித் தலைகள் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் இறங்கும். அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் சட்டம். முதலில் டிரில்லால் மெல்லிய துளை போட்டுவிட்டு, துருப்பிடிக்காத ஸ்க்ரூவாகப் போடுங்கள். நீளம் சட்டத்துக்குள் நன்றாக இறங்க வேண்டும், ஆனால் மறுபக்கம் முனை நீட்டிக்கொண்டு உள்ளே போகிறவர் கையைக் கிழிக்கக் கூடாது.

மரக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கட்டிய தோட்ட வீடாக இருந்தால் வேறு கதை. அதன் கட்டைகள் தடிமனானவை, ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும். ஆனால் அந்தச் சுவர் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நீளமான பிராக்கெட்டை இரண்டு மூன்று கட்டைகளுக்குக் குறுக்கே இறுக்கிவிட்டால் அவை நகர முடியாமல் நடுவில் இடைவெளி விழும். பிராக்கெட்டின் மேல் ஸ்க்ரூவும் கீழ் ஸ்க்ரூவும் ஒரே கட்டையில் விழும்படி பாருங்கள். இல்லையென்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரைச் சட்டத்தில் ஒரு கொக்கியைத் திருகி அதிலிருந்து தொங்கவிடலாம்.

பிராக்கெட்டின் கை நீளம் கூடையின் பாதி அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். கூடை சுவரை உரசினால் ஒரு பக்கத்துச் செடி நசுங்கும். சுவரும் ஈரம் காயாமல் பாசி பிடிக்கும்.

மாட்டும் முன் கதவை முழுக்கத் திறந்து பார்த்துவிடுங்கள். நான் முதல் வருடம் கூடையைக் கதவின் கீல் பக்கம் மாட்டினேன். அழகாகத்தான் இருந்தது. மறுநாள் அவசரமாக மண்வெட்டி எடுக்கப் போய்க் கதவை இழுத்தபோது, அதன் மேல்முனை கூடையின் வயிற்றில் பாய்ந்து பாதி வயோலாக்கள் தரைக்கு வந்தன. கீழே ஆள் நடக்கும் வழி என்றால் கூடையின் அடி தலைக்கு மேலே இருக்க வேண்டும். நடமாட்டம் இல்லாத சுவரென்றால் கண் மட்டத்துக்கு இறக்கிவிடலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும், தண்ணீர் ஊற்றவும் எளிது.

தகர ஷெட், பிளாஸ்டிக் ஷெட்?

அந்தத் தகட்டில் துளை போடாதீர்கள். எடையையும் தாங்காது, மழையும் உள்ளே இறங்கும். ஷெட்டின் இரண்டு பக்கமும் மண்ணில் ஆழமாக ஊன்றும் கொக்கிக் கம்பிகளை நட்டு அதில் தொங்கவிடுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் தொங்குவதுபோலவே இருக்கும்.

கோடைக் கூடையின் பழைய மண்ணையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அது முழுக்கப் பழைய வேர், சத்தும் போயிருக்கும், தண்ணீரும் வடியாது. பூச்செடிப் பாத்தியில் கொட்டிவிட்டுப் புதுக் கலவை போடுங்கள். கடையில் கிடைக்கும் பொதுவான தொட்டிக் கலவை போதும், அதில் நாலில் ஒரு பங்கு பெர்லைட்டோ (லேசான வெள்ளைக் குருணை) சிறு பொடிக்கல்லோ கலந்துகொள்ளுங்கள். எடை குறைய வேண்டுமானால் பெர்லைட். கோடையில் போடும் நீர் தேக்கும் ஜெல் குருணை இப்போது கூடவே கூடாது. அது பிடித்துவைக்கும் தண்ணீர்தான் வேரை அழுகவைக்கும்.

நடுவது எப்படி?

கூடையின் அடி உருண்டையாக இருப்பதால் தரையில் நிற்காது. ஒரு வாளியின் வாயில் உட்காரவையுங்கள், ஆடாது. உள்ளே தென்னைநார் விரிப்பைப் பதித்து, சுவர்களின் உட்புறம் மட்டும் பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுற்றுங்கள். அடியில் தாள் இருந்தால் பத்துப் பதினைந்து துளையாவது போடுங்கள்.

கம்பிக் கூடையாக இருந்தால் பக்கவாட்டிலும் செடி வைக்கலாம். விரிப்பில் சிலுவைபோல ஒரு கீறல். பிறகு வயோலா நாற்றின் இலைகளை ஒரு துண்டுக் காகிதத்தில், பென்சில் பருமனுக்கு மெதுவாகச் சுருட்டி, உள்ளிருந்து வெளியே கம்பிகளுக்கு இடையில் தள்ளுங்கள். காகிதத்தை வெளியிலிருந்து உருவியதும் இலைகள் விரிந்துகொள்ளும், வேர் உள்ளேயே தங்கும். வெளியிலிருந்து வேரைத் திணித்தால் வேர்தான் பிய்யும்.

அப்புறம் மேல் வரிசை. நடுவில் ஸ்கிம்மியாவோ ஹெதரோ ஒன்று, சுற்றி ஹியூக்கெராவும் வயோலாவும், விளிம்பில் மூன்று ஐவி சாய்வாக. கோடையில் ஐந்தாறு செடி போதும் என்ற கூடைக்கு இப்போது பத்துப் பன்னிரண்டு வேண்டும். வேர்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருக்கினாலும் பரவாயில்லை, அவை சண்டை போடும் அளவுக்கு வளரப் போவதில்லை. விளிம்புக்கு இரண்டு விரல் கீழே மண் நிற்கட்டும். நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் ஊற்றி, வடிந்த பிறகு மாட்டுங்கள்.

பூக்கிழங்குகளும் சேர்க்கலாமா?

கட்டாயம். செடி அடுக்கும்போதே, மேல் வரிசைக்கு முன்னால், குட்டை டாஃபடில் கிழங்குகளைக் கொஞ்சம் ஆழமாகவும், குரோக்கஸ், குட்டை ஐரிஸ் ஆகியவற்றை அதற்கு மேலேயும் பதியுங்கள். குளிர்காலம் முடியும் நேரத்தில், கூடை அலுத்துப்போன வேளையில், வயோலாக்களுக்கு நடுவிலிருந்து அவை தலைநீட்டும். உயரமாக வளரும் டாஃபடில் வேண்டாம், காற்றில் முறியும்.

மழைதான் பெய்கிறதே, தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு டிசம்பர் முழுக்க விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஐவி மட்டும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்தது. ஈரம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று கூடையை இறக்கினேன். கை மேலே பறந்தது, அவ்வளவு லேசு. விரலை விட்டால் அடிவரை தூள். கூரையின் நீட்டம் கூடைக்குக் குடை பிடித்திருக்கிறது, பக்கத்தில் அரை அடி தள்ளிச் சொட்டிய தண்ணீரில் ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை.

ஆகவே கண்ணை நம்பாதீர்கள், எடையை நம்புங்கள். வாரம் ஒருமுறை உள்ளங்கையால் கூடையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் ஊற்றுங்கள், கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஊற்றுவது காலையில், உறைபனி இல்லாத நாளில். சாயங்காலம் ஊற்றினால் அந்த ஈரமே இரவில் பனிக்கட்டியாகும். ஊற்றியது அடியில் சொட்ட ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். கலவை எப்போதும் லேசான ஈரத்தில் இருந்தால் போதும், சொதசொதவென்று இருக்கக் கூடாது.

உரம்?

நடும்போது கலவையில் இருப்பதே போதும். வளராத செடிக்கு உரம் போட்டால் வலுவில்லாத தளிர்தான் வரும், முதல் உறைபனியில் கருகும். வசந்தத்தில் புதுத் துளிர் கண்ணில் பட்ட பிறகு, தக்காளிக்கு ஊற்றும் பொட்டாஷ் கூடிய திரவ உரத்தைப் பத்து நாளுக்கு ஒருமுறை கொடுங்கள். வயோலா இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பிவிடும்.

கடும் உறைபனி வரப்போகிறதாம். கூடையை என்ன செய்வது?

தரையில் இருக்கும் செடியின் வேருக்கு நிலத்தின் சூடு துணை. கூடைக்கு அது கிடையாது. நாலா பக்கமும், அடியிலும் குளிர் தாக்கும். மண் முழுக்க உறைந்துபோனால் வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. ஆனால் இலை மட்டும் காற்றில் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். பனிக்கு நடுவிலும் செடி தாகத்தில் சாவது இப்படித்தான்.

ஓரிரு இரவு லேசான உறைபனி என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். நாள்கணக்கில் நீடிக்கும் என்றால் கூடையைக் கழற்றி ஷெட்டுக்குள்ளேயே வையுங்கள், அதற்குத்தானே அது பக்கத்தில் இருக்கிறது. சன்னல் ஓரம், சூடாக்க வேண்டியதில்லை. குளிர் தணிந்ததும் உடனே வெளியே. சூடான வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், செடி குழம்பித் துளிர்விட்டு, மறுபடி வெளியே போனதும் கருகும். பலத்த காற்று எச்சரிக்கை வந்தாலும் கூடையை இறக்கி, சுவர் மறைவில் தரையில் வைத்துவிடுங்கள்.

காலையில் பார்த்தால் வயோலா எல்லாம் துவண்டு கிடக்கிறது. செத்துவிட்டதா?

பதறாதீர்கள், தொடவும் தொடாதீர்கள். உறைந்திருக்கும் தண்டு கை பட்டால் ஒடியும். பனி உருகியதும் மதியத்துக்குள் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். ஒருமுறை பார்த்தால் பயம் போய்விடும்.

பராமரிப்பு, பூச்சி?

வாடிய பூவைக் கிள்ளுங்கள், காம்போடு. இதழை மட்டும் பிய்த்தால் விதைக்காய் மிஞ்சும், செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பழுத்த இலைகளையும் எடுத்துவிடுங்கள், ஈரத்தில் அவை சாம்பல் பூஞ்சைக்கு வீடாகும். ஹியூக்கெராவோ சைக்கிளமனோ காரணமே இல்லாமல் தளர்ந்து, லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டால் மண்ணைக் கிளறிப் பாருங்கள். ஆங்கில சி எழுத்துபோல வளைந்த, பழுப்புத் தலையுள்ள வெள்ளைப் புழு இருந்தால் அது வைன் வீவில் வண்டின் குட்டி. வேர் முழுக்க அதன் சாப்பாடு. அந்தக் கலவையைத் தோட்டத்தில் கொட்டாமல் குப்பையில் போடுங்கள்.

குழந்தைகளும் நாயும் இருக்கிறார்கள். ஆபத்தான செடி ஏதாவது?

ஐவியின் இலையும் காயும், சைக்கிளமன் கிழங்கு, டாஃபடில் கிழங்கு, ஸ்கிம்மியாவின் காய் எதையும் வாயில் போடக் கூடாது. ஐவியை வெட்டும்போது சிலருக்குக் கை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உயரத்தில் தொங்குவதால் ஆபத்து குறைவு. நடும் நாளில் தரையில் சிதறும் கிழங்குகளைத்தான் கவனிக்க வேண்டும், நாய்க்கு அது பந்துபோல.

வசந்தம் வந்ததும் கூடையை என்ன செய்வது?

அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். வயோலாவின் உச்சமே வசந்தத்தில்தான். வெயில் ஏறி அது நீண்டு கோணலாகப் போன பிறகு பிரியுங்கள். வயோலா உரக்குழிக்கு. ஹெதர், ஹியூக்கெரா, ஸ்கிம்மியா, ஐவி எல்லாவற்றையும் தோட்டத்தில் நடலாம், அல்லது தொட்டியில் வைத்து அடுத்த வருடம் அதே கூடைக்குத் திரும்பக் கொண்டுவரலாம். கிழங்குச் செடிகளின் இலையைப் பழுக்கும் வரை வெட்டாமல், கிழங்கோடு அப்படியே மண்ணில் நட்டுவிடுங்கள்.

பிரிக்கும் முன் ஐவிக்கு நடுவில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். குருவி எதுவும் கூடு கட்டியிருந்தால், குஞ்சு பறக்கும் வரை கூடை அங்கேயே தொங்கட்டும். பக்கத்தில் புதுக் கூடைக்கு இன்னொரு பிராக்கெட் அடித்துக்கொள்ளலாம், கீல் இல்லாத பக்கமாக.